கூலிங் டவர் கொன்ரோலர்: தண்ணீர் நின்றாலும் அசிட் பம்ப் ஓடுகிறது, இன்டர்லொக் எப்படிப் போடுவது?

பம்ப்ரூம் (திங்கள், இரவு)

வணக்கம். கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் கூலிங் டவருக்குப் புதிய கொன்ரோலர் பூட்டியிருக்கிறார்கள். பி.எச் (அமில, கார அளவு), ஓ.ஆர்.பி (குளோரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது), கொண்டக்டிவிற்றி (கரைந்த உப்பைக் காட்டுவது) மூன்றும் ஒரே பெட்டிக்குள். ஆறு ரிலே, ஆறு டிஜிற்றல் இன்புட். முதல் ரிலேயில் பிளீட் வால்வு (உப்பேறிய தண்ணீரை வெளியே விடுவது), இரண்டாவதில் இன்ஹிபிற்றர் (துருவையும் படிவையும் தடுக்கும் மருந்து), மூன்றாவதில் சல்பூரிக் அசிட், நாலாவதில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் மருந்து). டவருக்குப் போகும் தண்ணீரில் பாதி லைன் தண்ணீர், பாதி எங்கள் வளவுக் கிணறு.

பூட்டியவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மெனுவைத் திறந்து பார்த்தால், தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிச்சை வெறும் அலாரமாக மட்டும் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் நின்றால் திரையில் ஒரு சிவப்பு வரி வருகிறது, பீப் அடிக்கிறது, அவ்வளவுதான். அசிட் பம்ப் தன்பாட்டில் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். "அலாரம் அடிக்கிறதுதானே, யாராவது போய்ப் பார்ப்பார்கள்" என்றார். இரவு ஷிஃப்ற்றில் அந்தப் பக்கம் காகமும் போகாது.

தண்ணீர் நின்றால் மருந்துப் பம்பும் நிற்கும்படி (அதுதான் இன்டர்லொக்) ஃப்ளோ சுவிச்சை எப்படி வயர் பண்ணுவது சரி? அசிட்டும் ஹைப்போவும் ஒரே நேரத்தில் ஓடாமல் மெனுவிலேயே பூட்டினால் போதுமா? இதெல்லாம் அவ்வளவு அவசியமா, அல்லது மேனேஜர் சொல்வதுதான் சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களனிக்கரை (திங்கள், இரவு)

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அவசியம். மேனேஜருக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் சென்சர்கள் டவர் தண்ணீரைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஓடும் ஒரு சின்ன சாம்பிள் லைனைத்தான் பார்க்கின்றன. டவர் பம்ப் நின்றால் அந்தக் குழாயில் கொஞ்சத் தண்ணீர் தேங்கிவிடும். அதிலிருக்கும் குளோரின் மெல்ல மெல்லச் செத்துப்போகும், ஓ.ஆர்.பி இறங்கும். டவரில் குளோரின் குறைந்துவிட்டது என்று நினைத்து கொன்ரோலர் ஹைப்போவை ஓடவிடும். போட்ட ஹைப்போ உடனே சென்சரிடம் போய்ச் சேராது, ஆகவே கொன்ரோலர் நிறுத்தவும் மாட்டாது. ஹைப்போ காரம். அது நேரம் செல்லச் செல்லப் பின்பக்கமாகப் பரவி பி.எச் எலெக்ட்ரோடைத் தொட்டால் அசிட்டும் கூடவே ஓடத் தொடங்கும். இப்போது இரண்டு மருந்தும் ஒரே குழாய்க்குள், தண்ணீர் இல்லாமல், நேருக்கு நேர். ஹைப்போவும் அசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. காலையில் யாராவது பம்பைப் போட்டதும் அவ்வளவும் ஒரேயடியாக வெளியே தள்ளப்படும்.

நீச்சல் குளங்களில் இது நடந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பல உண்டு. பம்ப் நின்றது, டோசிங் (மருந்து விடுவது) நிற்கவில்லை, பம்ப் திரும்ப ஓடியது. எல்லாவற்றிலும் இதே வரிசைதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி வெளியிட்ட நீச்சல் குள மாதிரி விதிக்கோவையில், சுற்றோட்டம் நின்றால் மருந்துப் பம்புகள் தானாக நிற்க வேண்டும் என்று இருப்பது இதனால்தான். டவர் என்றால் திறந்த வெளி, கொஞ்சம் தப்பலாம். ஆனால் உங்கள் டோசிங் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா?

நாலிலிருந்து_இருபது (செவ்வாய், காலை)

வயரிங் பகுதியை நான் சொல்கிறேன்.

ஓட்டம் இருக்கும்போது ஃப்ளோ சுவிச்சின் கொன்டக்ற் மூடியிருக்க (கரண்ட் கடத்த) வேண்டும், ஓட்டம் நின்றால் திறக்க வேண்டும். கொன்ரோலரில் "திறந்திருந்தால் இன்டர்லொக்" என்று தெரிவு செய்யுங்கள். அப்போது வயர் அறுந்தாலும், எலி கடித்தாலும், டெர்மினல் ஸ்குரூ தளர்ந்தாலும் கொன்ரோலருக்கு "ஓட்டம் இல்லை" என்றுதான் தெரியும், மருந்து நிற்கும். மாறிப் பூட்டினால் அறுந்த வயர் வருடக்கணக்கில் "எல்லாம் நல்லபடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சுவிச்சில் என்.ஓ (வழமையாகத் திறந்தது), என்.சி (வழமையாக மூடியது) என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பூட்ட வேண்டாம். சிலர் தண்ணீர் நிற்கும் நிலையை வைத்து எழுதுவார்கள், சிலர் ஓடும் நிலையை வைத்து. மல்ரிமீற்றரை பீப் நிலையில் வைத்துக்கொண்டு வால்வைத் திறந்து மூடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அசிட், ஹைப்போ தாங்கிகளின் லெவல் சுவிச்சுக்கும் அதே முறை. மட்டம் இறங்கினால் திறக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த இன்புட்டுகளுக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கக்கூடாது. கொன்ரோலரே சின்ன டி.சி வோல்ற்றேஜ் ஒன்றை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். பழைய பனலில் அதே ஃப்ளோ சுவிச் 230 வோல்ற் இண்டிகேற்றர் விளக்கு ஒன்றை எரித்துக்கொண்டிருந்தால் அந்தக் கொன்டக்ற்றை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். 230 இல் வேலை செய்து கருகிய கொன்டக்ற் சில மில்லி அம்பியரை ஒழுங்காகக் கடத்தாது, ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. புதுச் சுவிச் போடுங்கள்.

வோட்டர் மீற்றர் இருக்கிறதா? இன்ஹிபிற்றர் அதன் பல்ஸை வைத்துத்தான் போகிறது என்றால் ஒரு பல்ஸுக்கு எத்தனை லீற்றர் என்பதை மீற்றர் முகத்திலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். 10 லீற்றர் மீற்றருக்கு 100 என்று போட்டுவிட்டால் இன்ஹிபிற்றர் பத்து மடங்கு போகும். பில் கெடும்.

பழைய_போர்மன் (செவ்வாய், மதியம்)

எல்லோரும் சேர்ந்து பெடியனைப் பயப்படுத்துகிறீர்கள். நான் ஃப்ளோ சுவிச் இன்டர்லொக் போட்ட டவர்களையும் பார்த்திருக்கிறேன், போடாததையும் பார்த்திருக்கிறேன். போட்டதில் என்ன நடக்கும்? துடுப்புச் சுவிச்சில் பாசி பிடித்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் நன்றாக ஓடும், கொன்ரோலர் "ஓட்டம் இல்லை" என்று மருந்தையெல்லாம் நிறுத்தி வைக்கும். வெசாக், போயா என்று நீண்ட லீவு வந்தால் திரும்பி வரும்போது டவர் பச்சைக் குளம். அதன் பிறகு பராமரிப்புக்காரன் என்ன செய்வான்? டெர்மினலில் ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டுவிடுவான். ஜம்பர் போட்ட இன்டர்லொக், இன்டர்லொக்கே இல்லாததை விட மோசம். இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

களனிக்கரை (செவ்வாய், மாலை)

போர்மன் அண்ணை சொல்வதில் பாதி முழு உண்மை. ஜம்பர் போட்ட பனல் கொழும்பில் எத்தனை இருக்கும் என்று எண்ணப் போனால் விடிந்துவிடும். ஆனால் அதற்கு மருந்து, ஒட்டாத சுவிச்சும் கொஞ்சம் தாமதமும்தான். துடுப்புக்குப் பதிலாக உள்ளே மிதவை மேலெழும் வகை போடுங்கள், உடல் கண்ணாடி போல இருந்தால் இன்னும் நல்லது, பாசி பிடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன ஸ்ட்ரெய்னர். பிறகு கொன்ரோலரில் பத்து விநாடி அளவு தாமதம் வையுங்கள், ஒரு குமிழி போனதற்கெல்லாம் துள்ளாது. தண்ணீர் திரும்பி வந்த பிறகும் ஓரிரு நிமிடம் கழித்தே டோசிங் தொடங்கட்டும், சென்சர் புதுத் தண்ணீரைப் பார்க்க நேரம் வேண்டும்.

டவர் பச்சையானால் கழுவலாம், அண்ணை.

பழைய_போர்மன் (செவ்வாய், மாலை)

கழுவுகிறவன் நான்தானே.

மில்லிவோல்ற் (செவ்வாய், இரவு)

சென்சர் பொய் சொல்வதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. பி.எச் எலெக்ட்ரோடில் 7 என்பது பூச்சிய மில்லிவோல்ற். அதிலிருந்து ஒரு பி.எச் மேலோ கீழோ போனால், 25 பாகையில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கேபிள் ஷோர்ட் ஆனாலும், கனெக்டருக்குள் ஈரம் போனாலும், கண்ணாடிக் குமிழ் வெடித்தாலும் வருவது பூச்சியத்துக்குக் கிட்டத்தான். திரையில் அழகாக 7 என்று நிற்கும். கொழும்பு ஈரப்பதனுக்கு அந்தக் கனெக்டரைத் திறந்த டக்ற்றில் விட்டால் மழைக்காலத்தில் இதுதான் நடக்கும். நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் 7.0 காட்டும் டவரை நான் நம்பவே மாட்டேன்.

உங்கள் இடத்தில் அசிட் செற்பொயின்ற் (அசிட் ஓடத் தொடங்கும் பி.எச்) 8 க்குக் கிட்டவாக இருக்கும். அப்போது 7 என்று பொய் சொன்னால் அசிட் போகாது, ஆபத்தில்லை, குழாயில் சுண்ணாம்புப் படிவுதான் பிடிக்கும். எலெக்ட்ரோடில் படிவு ஏறி மேலே நகர்ந்தால்தான் வினை. தண்ணீர் 7.2 இல் இருக்கும், திரை 8.4 என்று சொல்லும், அசிட் விடிய விடிய ஓடும். ஃப்ளோ சுவிச் இதைப் பிடிக்காது, தண்ணீர்தான் ஓடுகிறதே. இதற்குத்தான் ஒவ்வொரு ரிலேக்கும் அதிகபட்ச ஓட்ட நேரம் என்று ஒன்று மெனுவில் இருக்கிறது. ஒரு கிழமை பார்த்து, அசிட் வழமையாக ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து, அதன் இரண்டு மடங்கைப் போடுங்கள். தாண்டினால் ரிலே பூட்டிக்கொள்ளும், ஆள் வந்து கையால் விடுவிக்கும் வரை திறக்காது. பல பெட்டிகளில் இந்த எல்லை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அணைத்துத்தான் இருக்கும். போய்ப் பாருங்கள்.

அளவை 4 முதல் 20 மில்லி அம்பியர் கரண்ட்டாக அனுப்பும் சென்சர் இன்புட் ஏதாவது சேர்த்தால் 3.6 க்குக் கீழும் 21 க்கு மேலும் கோளாறு என்று எடுக்கச் சொல்லுங்கள். நமூர் (தொழிற்சாலைத் தானியக்கக் கருவிப் பயனர்களின் சங்கம்) பரிந்துரை அதுதான். வயர் அறுந்தால் பூச்சிய மில்லி அம்பியர் வரும். அதை "அளவு பூச்சியம்" என்று வாசித்து மருந்தை அள்ளி ஊற்றும் கொன்ரோலர் வேண்டாம்.

பம்ப்ரூம் (புதன், இரவு)

எல்லோருக்கும் நன்றி. இன்று சாம்பிள் லைன் வால்வை மூடிப் பரிசோதித்தேன். நேற்றே ஃப்ளோ சுவிச்சை அசிட் ரிலேக்கும் ஹைப்போ ரிலேக்கும் இன்டர்லொக்காகச் சேர்த்திருந்தேன். வால்வை மூடியதும் பத்து விநாடியில் இரண்டும் நின்றன. மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

ஆனால் பிறகு ஒரு விசயம் பிடிபட்டது. புதன்கிழமைகளில் ஜெனறேற்றர் சோதனை. மெயின் கரண்ட்டை நிறுத்தி, ஜெனறேற்றர் எடுத்து, கொன்ரோலர் தானாகவே திரும்பி எழுந்தது. டவர் பம்ப் எழவில்லை. அதன் ஸ்டார்ட்டர் பட்டன் வகை, கரண்ட் போனால் விழுந்துவிடும், யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமத்த வேண்டும். அதாவது ஒவ்வொரு மின்வெட்டிலும் கொன்ரோலர் உயிரோடு, பம்ப் செத்தபடி. ஃப்ளோ சுவிச் பார்த்துக்கொண்டது, டோசிங் போகவில்லை. ஆனால் களனிக்கரை அண்ணை சொன்ன கதை எங்கள் இடத்தில் இதற்கு முதல் எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசித்தேன். 2022 இல் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வெட்டினார்கள்! நல்ல வேளை, அப்போது இந்தப் பெட்டி இல்லை.

இன்னொன்று. ஓட்டம் இல்லாதபோது அசிட்டை ஹான்ட் (கையால் ஓட்டும்) நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். ஓடியது.

பிளக்பொயின்ற் (புதன், இரவு)

ஓடத்தான் செய்யும். பல கொன்ரோலர்களில் ஹான்ட் நிலைக்குப் போனால் மெனுவில் போட்ட இன்டர்லொக் எல்லாம் ஒதுங்கி நிற்கும். மனுவலில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. அசிட்டும் ஹைப்போவும் ஒன்றையொன்று பூட்டும் அமைப்பும் அப்படியே. ஹைப்போவை ஒருவர் ஹான்டில் விட்டால், அசிட் ஓட்டோவில் தன் பாட்டில் வரலாம். அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு "மெனு மட்டும் போதாது" என்பது பதில். மெனு ஒரு அடுக்கு. இன்னொரு அடுக்கு செம்பு வயரில் இருக்க வேண்டும்.

செய்யும் விதம் இது. டவர் பம்பின் கொன்டக்டரில் (மோட்டருக்குக் கரண்ட் விடும் பெரிய ரிலே) ஒரு ஒக்ஸிலரி கொன்டக்ற் (அதோடு சேர்ந்து மூடித் திறக்கும் துணைச் சுவிச்) எடுத்து, டோசிங் பம்புகளுக்குப் போகும் சப்ளையை அது வழியாக விடுங்கள், இடையில் ஒரு ரிலே போட்டு. டவர் பம்ப் விழுந்தால் டோசிங் பம்புகளுக்குக் கரண்ட்டே இல்லை. கொன்ரோலர் ஹான்டில் இருந்தால் என்ன, உறைந்து நின்றால் என்ன. ஆனால் ஃப்ளோ சுவிச்சைக் கழற்றிவிட வேண்டாம். கொன்டக்டர் மூடியிருக்கிறது என்றால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். கப்ளிங் உடைந்திருக்கலாம், வால்வு பூட்டியிருக்கலாம். இரண்டும் தொடராக இருக்கட்டும்.

கடைசியாகப் பிளக். டோசிங் பம்ப் ஓடவில்லை என்றால் இரவு ஷிஃப்ற் ஆள் செய்யும் முதல் வேலை, பிளக்கைக் கொன்ரோலர் சொக்கற்றிலிருந்து பிடுங்கி, பக்கத்துச் சுவர்ச் சொக்கற்றில் குத்துவதுதான். அத்தோடு அத்தனை இன்டர்லொக்கும் போச்சு. சுவரில் இருப்பது சதுரப் பின் 13 அம்பியர். டோசிங் பம்புகளுக்குப் பழைய உருண்டைப் பின் 15 அம்பியர் பிளக்கும் அதற்குரிய சொக்கற்றும் போடுங்கள். சுவரில் குத்தவே முடியாது.

நாலிலிருந்து_இருபது (புதன், நள்ளிரவு)

பிளக் யோசனை அருமை, ஆனால் ஒரு திருத்தம். 13 அம்பியர் பிளக்குக்குள் பியூஸ் இருக்கிறது. உருண்டைப் பின்னில் இல்லை. ஆகவே பனலுக்குள் ஒவ்வொரு டோசிங் லைனுக்கும் தனித்தனியாகச் சின்ன பியூஸ் போட வேண்டும். அல்லது பிளக்கே வேண்டாம், நேரடியாக டெர்மினலில் கட்டிவிடுங்கள். பம்பைக் கழற்றிச் சேர்விசுக்கு அனுப்பும்போது கொஞ்சம் கரைச்சல், அவ்வளவுதான்.

குடிநீர்க்குழாய் (வியாழன், காலை)

இன்டர்லொக் பிடிக்காத இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று சைபன். மருந்து ஊசி (மருந்து குழாய்க்குள் நுழையும் இடம்) டவர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், அல்லது தாங்கி உயரத்தில் இருந்தால், டோசிங் பம்ப் நின்றாலும் மருந்து தானாக இழுபடும். சைபனைத் தடுக்கும் வால்வு பம்பின் தலையில் இருக்கிறதா, ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அசிட்டின் ஊசியும் ஹைப்போவின் ஊசியும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு நல்லது.

இரண்டாவது மனிதக் கை. 2016 ஒக்ரோபரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், அட்சிசன் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குச் சல்பூரிக் அசிட் கொண்டுவந்த பவுசரின் குழாயை ஹைப்போ தாங்கியின் வாயில் பூட்டிவிட்டார்கள். இரண்டு வாயும் கிட்டக் கிட்ட, ஒரே மாதிரி. பச்சை கலந்த மஞ்சள் மேகம் ஊருக்குள் போய், 140 பேருக்கு மேல் வைத்தியம் தேடிப் போனார்கள். அந்த இடத்தில் எந்தக் கொன்ரோலர் என்ன செய்திருக்கும்? உங்களிடம் பவுசர் வராது, கலன்தான் வரும். ஆனால் இரண்டு நீலக் கலன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கதை ஒன்றுதான். தனித்தனித் தொட்டி, தனித்தனி நிறம், முடிந்தால் தனித்தனிப் பக்கம். ஹைப்போவை அறையின் ஒரு மூலைக்கும் அசிட்டை எதிர் மூலைக்கும் மாற்றச் சொல்லுங்கள்.

பம்ப்ரூம் (வியாழன், இரவு)

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. அசிட்டை இன்று வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டோம். ஒக்ஸிலரி கொன்டக்ற்றுக்கும் புதிய ஃப்ளோ சுவிச்சுக்கும் மேனேஜர் சம்மதித்துவிட்டார், மின்வெட்டுக் கதையைச் சொன்னதும்தான் ஆள் இறங்கி வந்தார்.

களனிக்கரை (வெள்ளி, காலை)

நல்லது. இப்போது எனக்கு ஒரு கேள்வி. உங்களுக்கு அசிட் எதற்கு?

கொழும்புக்கு வரும் லைன் தண்ணீர் பெரும்பாலும் அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. மென்மையான தண்ணீர். அதை டவரில் சுற்றவிட்டால் பிரச்சினை சுண்ணாம்புப் படிவு அல்ல, துரு. மழை பெய்யாமல் களனியில் நீர் குறையும் காலத்தில் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி அம்பத்தலை வரை உப்புத் தட்டியதுண்டு, அப்படியானால் கொண்டக்டிவிற்றி ஏறும், பிளீட் அடிக்கடி திறக்கும், அது வேறு கதை. அசிட் தேவைப்படுவது உங்கள் கிணற்றுத் தண்ணீரின் காரத்தன்மைக்காகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். பி.எச் 7.5 இல் ஹைப்போவின் கிருமி கொல்லும் வடிவம் பாதிக்குப் பாதி இருக்கும், 8.5 க்குப் போனால் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும், ஆகவே பி.எச்சை இறக்க வேண்டும் என்று. அதற்குச் சோடியம் புரோமைட்டை ஹைப்போவோடு சேர்த்துப் போட்டால் புரோமின் 8.5 இலும் பாதிக்கு மேல் வேலை செய்யும். கிணற்றுத் தண்ணீரைக் குறைத்து, புரோமைட்டைச் சேர்த்தால் மூன்றாவது ரிலேயையே காலியாக விடலாம்.

பழைய_போர்மன் (வெள்ளி, மதியம்)

லைன் தண்ணீர் பில்லைக் கட்டப்போவது யார்? கிணறு சும்மா கிடைக்கிறது.

களனிக்கரை (வெள்ளி, மதியம்)

அசிட்டுக்கும் காசு, அண்ணை. கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பம்ப்ரூம் (வெள்ளி, இரவு)

கிணற்றுத் தண்ணீரை வருகிற கிழமை லாப்புக்குக் கொடுக்கிறோம். அது வரும் வரை அசிட் கலனின் வால்வைப் பூட்டி, மூன்றாவது ரிலேயை ஓஃப் பண்ணி வைத்திருக்கிறேன். லாப்பில் என்னென்ன கேட்க வேண்டும்?

குடிநீர்க்குழாய் (வெள்ளி, இரவு)

மொத்தக் காரத்தன்மை, கல்சியம் கடினத்தன்மை, குளோரைட், இரும்பு, கொண்டக்டிவிற்றி, பி.எச். குளோரைட்டை விட்டுவிடாதீர்கள், உங்கள் கொண்டென்சரில் ஸ்டெயின்லெஸ் குழாய் இருந்தால் தண்ணீரை எத்தனை மடங்கு உப்புச் செறியும் வரை சுற்றவிடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். சாம்பிள் போத்தலை வாய் வரை நிரப்பி மூடுங்கள், காற்று நின்றால் பி.எச் மாறிவிடும். கிணற்றுப் பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள், குழாயில் கிடந்த தண்ணீர் வேண்டாம். ரிசல்ற் வந்ததும் இங்கேயே போடுங்கள்.